உடைத்துப் பார்த்துப் படிக்கும் பாடம்

2014-ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்தின் தகவல் அறியும் சட்டப்படி ஒருவர் நியூயார்க் நகரின் டாக்சி ஆணையத்துக்கு மனுப் போட்டார். 2013-இல் மஞ்சள் டாக்சிகள் ஓடிய பயணங்களின் விவரம் வேண்டும் என்று கேட்டார். ஆணையமும் தயங்காமல் கொடுத்தது. மொத்தம் 17 கோடியே 30 லட்சம் பயணங்கள். எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், மணி என்ன, கட்டணம் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவு என்று எல்லாமே அதில் இருந்தன. டாக்சி எண்ணும் ஓட்டுநரின் உரிம எண்ணும் மட்டும் வெளியே தெரியக் கூடாது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். அதனால் அவ்விரண்டையும் எம்டி5 என்ற ஹாஷ் கணக்கில் போட்டு, 32 எழுத்து நீளமுள்ள புரியாத சரங்களாக மாற்றியிருந்தார்கள்.

அந்தக் கோப்பைப் பலரும் இறக்கி அலசினார்கள். அதில் ஒரு விசித்திரம் தென்பட்டது: ஒரே ஒரு சரத்தின் பெயரில் மட்டும் மனிதரால் ஓட்டவே முடியாத அளவு பயணங்கள். விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர் இதைக் கூர்ந்து பார்த்தார். ‘சிஎஃப்சிடி2084’ என்று தொடங்கும் அந்தச் சரம், 0 என்ற ஒற்றை இலக்கத்தை எம்டி5-இல் போட்டால் கிடைக்கும் விடை. எண் பதிவாகாத இடங்களில் பூஜ்யம் நிரம்பியிருந்தது. அந்தப் பூஜ்யமும் மற்ற எண்களோடு சேர்ந்து ஹாஷாகிவிட்டது. எந்தக் கணக்கைப் பயன்படுத்தினார்கள் என்பது அதிலிருந்தே வெளியாகிவிட்டது.

அடுத்து அவர் போட்டது பள்ளிக்கூடப் பெருக்கல்தான். நியூயார்க் டாக்சி எண்கள் மூன்றே வடிவங்களில் வரும். ஓர் இலக்கம், ஓர் எழுத்து, பிறகு இரண்டு இலக்கம் என்பது முதல் வடிவம். இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் இரண்டாவது. மூன்று எழுத்தும் மூன்று இலக்கமும் மூன்றாவது. எழுத்துக்கு 26, இலக்கத்துக்கு 10 என்று பெருக்கிக் கூட்டினால் 1 கோடியே 82 லட்சத்து 78 ஆயிரம் வருகிறது. உலகத்தில் இருக்கக்கூடிய நியூயார்க் டாக்சி எண்கள் அத்தனையும் இதற்குள் அடக்கம். ஓட்டுநர் உரிம எண்களோ இன்னும் குறைவு. எல்லா எண்களையும் ஒவ்வொன்றாக எம்டி5-இல் போட்டு ஒரு பட்டியல் தயாரிப்பது சாதாரணக் கணினிக்குச் சில நிமிட வேலை. அந்தப் பட்டியலை ஆணையத்தின் கோப்போடு ஒப்பிட்டதும், சில மணி நேரத்தில் ஆண்டு முழுவதற்குமான டாக்சிகளும் ஓட்டுநர்களும் அடையாளம் தெரிந்துவிட்டார்கள். யார் எத்தனை மணிக்கு வண்டி எடுத்தார், எவ்வளவு சம்பாதித்தார், எந்தத் தெருவில் கடைசிச் சவாரியை முடித்தார் என்பது முதற்கொண்டு எல்லாம் வெளியே வந்தது.

ஹாஷ் என்பது அரிசியை மாவாக அரைப்பது மாதிரி. மாவைத் திருப்பி அரிசியாக்க முடியாது. பாடப்புத்தகம் சொல்வது அதுதான், அது உண்மையும்கூட. ஆனால் கடையில் இருப்பதே பத்து வகை அரிசிதான் என்றால், பத்தையும் அரைத்துப் பார்த்து எந்த மாவு எந்த அரிசி என்று சொல்லிவிடலாம். டாக்சி ஆணையத்தில் அந்தக் கோப்பைத் தயாரித்தவர் ஹாஷைப் பற்றி அறிந்திருந்தார். உள்ளே போடும் எண்களின் கூட்டம் சிறியதாக இருந்தால் ஹாஷ் எதையும் மறைக்காது என்பதுதான் அவருக்கு எட்டவில்லை. ரகசியச் சாவி ஒன்றைச் சேர்த்து ஹாஷ் எடுத்திருக்கலாம். அல்லது ஒவ்வொரு வண்டிக்கும் ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கல் முறையில் கொடுத்திருக்கலாம். இரண்டுமே பெரிய வேலை இல்லை.

அப்படிச் செய்திருந்தாலும் முழுப் பிரச்சினை தீர்ந்திருக்காது என்பதுதான் இந்தக் கதையின் இரண்டாவது பாடம். பிரபலங்கள் டாக்சியில் ஏறும்போது பத்திரிகைக்காரர்கள் எடுத்த புகைப்படங்கள் இணையத்தில் கிடந்தன. அவற்றில் தேதி, இடம், சிலவற்றில் வண்டி எண்கூடத் தெரிந்தது. அதே ஆண்டு ஒரு பட்டமேற்படிப்பு மாணவர் அந்தப் படங்களைக் கோப்போடு பொருத்தி, யார் எங்கே இறங்கினார், எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார் என்பதுவரை எடுத்துக் காட்டினார். தினமும் அதிகாலையில் ஒரே வீட்டு வாசலில் முடியும் பயணத்துக்குப் பெயர் எதற்கு? இடமும் நேரமுமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பிற்பாடு வெளியிட்ட கோப்புகளில் ஆணையம் வண்டி எண்ணை அடியோடு நீக்கியது. ஏறிய, இறங்கிய இடங்களைத் துல்லியமாகத் தராமல் வட்டாரமாக மட்டும் தரத் தொடங்கியது.

இன்றைக்கு சைபர் பாதுகாப்பு படிக்க வரும் மாணவர்கள் கற்க வேண்டிய இரண்டு கலைகளும் இந்த ஒரு சம்பவத்துக்குள் இருக்கின்றன. ரகசியத்தைக் காக்கும் கணிதத்தை நிஜ உலகில் பிசகாமல் பயன்படுத்துவது ஒன்று. அதைச் செயல்முறைக் குறியாக்கவியல் எனலாம். தகவலைப் பயன்படுத்திக்கொண்டே தனிமனிதரை மறைத்துக் காப்பது மற்றொன்று. அது தனியுரிமைத் தொழில்நுட்பம். முதலாவது இல்லாமல் இரண்டாவது நிற்காது. முதலாவது மட்டும் இருந்தாலும் போதாது.

குறியாக்கவியலின் அடிப்படை விதி ஒன்றை அகஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ் 1883-லேயே எழுதிவைத்தார். ரகசியம் காக்கும் முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் கெடுதல் வரக் கூடாது. சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். இன்று வங்கி முதல் வாட்ஸ்ஆப் வரை எல்லோரும் நம்பும் ஏஇஎஸ் முறை அப்படித்தான் பிறந்தது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 1997-இல் பகிரங்கமாகப் போட்டி அறிவித்தது. 15 முறைகள் வந்தன. உலகம் முழுவதும் இருந்த நிபுணர்கள் அவற்றை உடைக்க முயன்றார்கள். கடைசியில் ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் வடிவமைத்த முறை வென்று, 2001-இல் தரநிலையானது. அதன் ஒவ்வொரு வரியையும் யாரும் படிக்கலாம். படித்தும் உடைக்க முடியவில்லை என்பதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு.

இன்னொரு பெரிய திருப்பம் அதற்கு முன்பே, 1976-இல் வந்தது. அதுவரை இருவர் ரகசியம் பேச வேண்டுமானால் முதலில் நேரில் சந்தித்தோ நம்பகமான ஆள் மூலமோ சாவியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் அந்தக் கட்டாயத்தை உடைத்தார்கள். நாலு பேர் கேட்கப் பேசியே ரகசியச் சாவியை உண்டாக்கலாம் என்று காட்டினார்கள். கேட்டால் மாயம் போலத் தெரியும். பேனாவும் தாளும் இருந்தால் யாரும் போட்டுப் பார்க்கலாம்.

ஆனந்தியும் பாஸ்கரும் 17, 3 என்ற இரண்டு எண்களை எல்லோருக்கும் தெரியும்படி முடிவு செய்கிறார்கள். ஆனந்தி மனதுக்குள் 6 என்று நினைத்துக்கொள்கிறாள். பாஸ்கர் 7 என்று. ஆனந்தி 3-ஐ ஆறு முறை பெருக்கி, 17-ஆல் வகுத்து, மீதி 15 என்று உரக்கச் சொல்கிறாள். பாஸ்கர் 3-ஐ ஏழு முறை பெருக்கி, 17-ஆல் வகுத்து, மீதி 11 என்கிறான். இனி ஆனந்தி அந்த 11-ஐ ஆறு முறை பெருக்கி 17-ஆல் வகுத்தால் மீதி 8. பாஸ்கர் அந்த 15-ஐ ஏழு முறை பெருக்கி 17-ஆல் வகுத்தாலும் மீதி 8. இருவர் கையிலும் ஒரே எண். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவருக்கு 17, 3, 15, 11 தெரியும்; 8 தெரியாது. எண்கள் சிறியவை என்பதால் இதை அவர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். 17 இருந்த இடத்தில் 617 இலக்க எண்ணை வைத்தால், இன்றைய கணினிகள் எல்லாம் கூடினாலும் முடியாது.

வங்கியின் இணையதளத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதே வகைக் கணக்கு கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது. ஆனால் இங்கேயும் ஓர் ஓட்டை உண்டு. பாஸ்கர் என்று நினைத்து ஆனந்தி பேசுவது நடுவில் புகுந்த மூன்றாம் ஆளிடமாக இருந்தால்? அதற்காகத்தான் ‘இது இன்ன தளம்’ என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் சான்றிதழ்கள் இருக்கின்றன. 2011-இல் டிஜிநோட்டார் என்ற நெதர்லாந்துச் சான்றிதழ் நிறுவனத்துக்குள் யாரோ ஊடுருவி, 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். கூகுள் பெயரிலும் ஒன்று இருந்தது. ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களின் போக்குவரத்தை இடைமறிக்க அது பயன்பட்டது. கணிதம் அப்படியே பத்திரமாக இருந்தது. நம்பிக்கையைத் தாங்கிய அலுவலகம்தான் விழுந்தது. சில வாரங்களில் அந்த நிறுவனம் திவாலாகிவிட்டது.

இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால் இதுவே திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நல்ல கணிதம் நேரடியாகத் தோற்றது அபூர்வம். அதைக் கையாண்ட இடத்தில்தான் வினை வந்தது.

2013 அக்டோபரில் அடோபி நிறுவனத்திலிருந்து 15 கோடி அளவிலான கணக்குகளின் விவரம் திருடுபோனது. பாஸ்வேர்டுகள் எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. சாவி திருடர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்படியும் லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகள் தெரிந்துபோயின. காரணம் இசிபி என்ற பழைய முறை. அதில் ஒரே பாஸ்வேர்டை எத்தனை பேர் வைத்திருந்தாலும் எல்லோருக்கும் ஒரே மறைசரம்தான் வரும். கூடவே ‘மறந்தால் நினைவுபடுத்த’ என்று பயனர்கள் எழுதிவைத்த குறிப்புகள் மறைக்கப்படாமல் பக்கத்திலேயே இருந்தன. ஒரே சரம் கொண்ட ஆயிரம் பேரில் ஒருவர் ‘என் நாயின் பெயர்’ என்று எழுதியிருப்பார். இன்னொருவர் பாஸ்வேர்டையே குறிப்பாக எழுதிவைத்திருப்பார். ஒருவரின் குறிப்பு ஆயிரம் பேரையும் காட்டிக்கொடுத்தது. 19 லட்சம் பேர் 123456 என்று வைத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

சோனியின் பிளேஸ்டேஷன் 3 கதை இன்னும் பளிச்சென்றது. விளையாட்டு மென்பொருள் சோனி ஒப்புதல் அளித்ததா என்பதை அந்தக் கருவி டிஜிட்டல் கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் புத்தம்புதிய குலுக்கல் எண் ஒன்று அந்தக் கணக்கில் சேர வேண்டும். சோனியின் மென்பொருளில் ஒரே எண் எல்லாக் கையெழுத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் ஒரு குழு இதை மேடையில் விளக்கியது. ஒரு கையெழுத்தில் தெரியாதவை இரண்டு: ரகசியச் சாவி, குலுக்கல் எண். சமன்பாடோ ஒன்று; அதைத் தீர்க்க முடியாது. குலுக்கல் எண் மாறாவிட்டால் இரண்டு கையெழுத்துகள் இரண்டு சமன்பாடுகளைத் தந்துவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் சாவி கையில் வந்து விழும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போடும் ஒருங்கமை சமன்பாடுகளின் தத்துவம்தான் அது.

குலுக்கல் எண்களின் அருமைக்கு இன்னொரு சாட்சி டெபியன் லினக்ஸ். 2006-இல் அதன் பராமரிப்பாளர் ஒருவர் சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையைப் போக்க, ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலிலிருந்து சில வரிகளை நீக்கினார். சாவி தயாரிப்பதற்கான எதிர்பாராத்தன்மை கிட்டத்தட்ட முழுவதும் அந்த வரிகள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதன்பின் ஒவ்வொரு வகையிலும் 32 ஆயிரத்துச் சொச்சம் சாவிகளே பிறக்க முடிந்தது. 2008 மே மாதம் விஷயம் வெளிவரும்வரை உலகெங்கும் சர்வர்கள் ஊகிக்கக்கூடிய சாவிகளோடு ஓடிக்கொண்டிருந்தன. பார்வைக்கு அவை நீளமான, அழகான சாவிகள். நிரலும் பிழையில்லாமல்தான் ஓடியது.

அதனால்தான் இந்தப் பாடத்தை மனப்பாடமாக நடத்துவது மாணவருக்குச் செய்யும் அநியாயம். ‘ஆர்எஸ்ஏ முறையை விளக்குக, 16 மதிப்பெண்’ என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதிப் பட்டம் வாங்கிய ஒருவர், வேலைக்குப் போன முதல் மாதமே இசிபி முறையில் வாடிக்கையாளர் தகவலைப் பூட்டிவைக்கலாம். நிரல் ஓடும், சோதனையும் தேறும், மேலாளரும் பாராட்டுவார். மற்ற மென்பொருளில் தப்பு நடந்தால் ஏதாவது நின்றுபோகும், யாராவது புகார் சொல்வார்கள். குறியாக்கத்தில் நடக்கும் தப்பு சத்தம் போடாது. திருடன் வந்து போகும்வரை எல்லாம் சரியாகவே தெரியும்.

உடைத்துப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. கிரிப்டோபால்ஸ் என்ற இலவசப் பயிற்சித் தொகுப்பு இந்த வகையில் உலகப் பிரசித்தம். பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த சிலர் சேர்ந்து உருவாக்கியது. அதில் பாடம் என்று எதுவும் கிடையாது, கணக்குகள் மட்டுமே. முதல் தொகுதியிலேயே ஒரு பயிற்சி வரும்: ஒரு கோப்பு நிறைய மறையாக்க வரிகள், அதில் ஒரே ஒரு வரி இசிபி முறையில் ஆனது, அது எது? வரியைப் 16 பைட்டுகளாகத் துண்டு போட்டு, ஒரே துண்டு இரண்டு முறை வருகிறதா என்று பார்க்கும் நாலு வரி பைத்தான் நிரல் போதும். விடை திரையில் வந்ததும் அடோபியில் நடந்தது என்ன என்பது மாணவருக்குக் கையால் தொட்டது போலப் புரிந்துவிடும். அடுத்த தொகுதிகளில் சர்வர் தரும் சின்னஞ்சிறு பிழைச்செய்தியை வைத்தே முழுச் செய்தியையும் உருவி எடுக்கும் பயிற்சி உண்டு. செர்ஜ் வோடனே 2002-இல் கண்டறிந்த தாக்குதல் அது. ‘நிரப்பல் தவறு’ என்று சர்வர் நேர்மையாகப் பதில் சொன்னதுதான் குற்றம் என்பதை இதைச் செய்து பார்த்த யாரும் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

கணிதம் எவ்வளவு வேண்டும் என்று பல மாணவர்கள் பயப்படுகிறார்கள். வகுத்து மீதி காணும் கணக்கும், நிகழ்தகவும், கொஞ்சம் பைத்தானும் தெரிந்தால் தொடங்கிவிடலாம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டான் போனேவின் இணையப் பாடவகுப்பும், அவரும் விக்டர் ஷூப்பும் சேர்ந்து எழுதிய நூலும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐஐடிகளின் என்பிடெல் தளத்திலும் குறியாக்கவியல் வகுப்புகள் இருக்கின்றன. சென்னைத் தரமணியில் இந்தத் துறைக்கென்றே மத்திய அரசின் ஆதரவில் ‘செட்ஸ்’ ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. இதையெல்லாம் படித்து முடித்தவருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. தன்னால் உடைக்க முடியாத ஒரு முறையை யாரும் உருவாக்கிவிடலாம். அது பிறராலும் உடைக்க முடியாதது என்று அர்த்தம் இல்லை. சொந்தமாக எழுதிய மறையாக்கம் பயிற்சி நோட்டோடு நிற்கட்டும். வேலைக்கு லிப்சோடியம் போன்ற, பல கண்கள் பார்த்துத் தேறிய நூலகங்களே போதும்.

இனி இரண்டாவது கலை. பெயரை அழித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. எம்ஐடி மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவு தனியாகத் தெரிந்தது. இந்த மூன்று விவரங்களைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று அவர் பின்னர் கணித்தார். தமிழ்நாட்டில் லாட்ஜில் அறை எடுக்கவும் சிம் கார்டு வாங்கவும் நீட்டும் ஆதார் அட்டையில் பிறந்த தேதியும் பாலும் முகவரியும் ஒன்றாகவே இருக்கின்றன.

அப்படியானால் ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல் ஊர் நிலவரத்தை அறிய வழி உண்டா? ஸ்டான்லி வார்னர் 1965-இல் ஓர் அருமையான வழி சொன்னார். அதன் எளிய வடிவம் பூவா தலையா போட்டே நடக்கும். ஆயிரம் மாணவர்களிடம் ‘தேர்வில் பிட் அடித்ததுண்டா?’ என்று கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் மறைவாக ஒரு காசைச் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் இன்னொரு முறை சுண்டி, தலைக்கு ‘ஆம்’, பூவுக்கு ‘இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட வேண்டும். ‘ஆம்’ என்று சொன்ன எந்த மாணவரையும் யாரும் பிடிக்க முடியாது. காசு சொல்லச் சொன்னது என்பார். ஆனால் மொத்தக் கணக்கு தப்பாது. 350 பேர் ‘ஆம்’ என்றால், அதில் சுமார் 250 இரண்டாவது சுண்டலால் வந்தவை. மிச்சம் 100, உண்மை சொன்ன 500 பேரிலிருந்து வந்தது. ஆக, நூற்றுக்கு இருபது பேர். வகுப்பின் உண்மை தெரிந்துவிட்டது; எந்த ஒரு மாணவரும் மாட்டவில்லை.

இந்தக் கருத்துக்கு 2006-இல் சிந்தியா டுவார்க்கும் அவருடைய சகாக்கள் மூவரும் கணித உருவம் கொடுத்தார்கள். டிஃபரன்ஷியல் பிரைவசி என்று அதற்குப் பெயர். ஒருவர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியாகும் விடை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்படி, அளந்து குழப்பத்தைச் சேர்ப்பதுதான் சாரம். கூகுள் 2014-இல் குரோம் உலாவியிலும், ஆப்பிள் 2016-இல் ஐஃபோனிலும் இதைக் கொண்டுவந்தன. பெரிய பரீட்சை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நடந்தது. 2010 கணக்கெடுப்புக்காக வெளியிட்ட அட்டவணைகளை வைத்து அந்தக் கணக்கெடுப்புத் துறை தன் மீதே தாக்குதல் நடத்திப் பார்த்தது. வெறும் கூட்டல் தொகைகளிலிருந்து, 46 சதவீத மக்களின் இருப்பிட வட்டாரம், வயது, பால், இனம் ஆகிய விவரங்களை அச்சாக மீட்டெடுக்க முடிந்தது. ஆகவே 2020 கணக்கெடுப்பில் அளந்த குழப்பத்தைச் சேர்த்தார்கள். சிறிய ஊர்களின் எண்கள் கெட்டுவிடும் என்று ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தார்கள். அலபாமா மாநிலம் 2021-இல் வழக்கே தொடுத்தது. எதிர்த்தவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. எவ்வளவு மறைக்க வேண்டும், எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைக் கணிதம் தீர்மானிக்காது. மக்களும் அவர்களின் பிரதிநிதிகளும்தான் தீர்மானிக்க வேண்டும். இந்தியாவின் 2027 கணக்கெடுப்பு டிஜிட்டல் முறையில் நடக்கும்போது இங்கேயும் இந்தக் கேள்வியைக் கேட்க ஆட்கள் வேண்டும்.

இன்னொரு தொழில்நுட்பம், பலர் தங்கள் ரகசியத்தை ஒருவருக்கொருவர் காட்டாமலே சேர்ந்து கணக்குப் போடுவது. மூன்று செவிலியர்கள் தங்கள் சம்பளச் சராசரியை அறிய வேண்டும். ஆனால் சொந்தச் சம்பளத்தைச் சொல்ல விருப்பமில்லை. 18,000 வாங்குபவர் அதை 50,000, 9,000, கழித்தல் 41,000 என்று மூன்று ஏனோதானோத் துண்டுகளாக உடைக்கிறார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஆளுக்கொன்றாகத் தருகிறார். 21,000 வாங்குபவரும் 27,000 வாங்குபவரும் அப்படியே செய்கிறார்கள். பிறகு அவரவர் கையில் சேர்ந்த துண்டுகளைக் கூட்டி உரக்கச் சொல்கிறார்கள். மூன்று தொகைகளையும் கூட்டினால் 66,000, சராசரி 22,000. தனியே பார்த்தால் எந்தத் துண்டுக்கும் அர்த்தம் கிடையாது. பாஸ்டன் நகரில் ஆண், பெண் ஊதிய வித்தியாசத்தை ஆராய, நிறுவனங்கள் சம்பளப் பட்டியலை வெளியே தராமலே கணக்கிட பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வகை முறையைத்தான் கையாண்டார்கள்.

இது முதன்முதலில் பெரிய அளவில் பயன்பட்டது விவசாயிகளுக்கு என்பது பலருக்குத் தெரியாத செய்தி. டென்மார்க்கில் சர்க்கரை பீட்கிழங்கு பயிரிடும் உரிமையை விவசாயிகளுக்குள் மறுபடி பங்கிட வேண்டியிருந்தது. வாங்கும் கம்பெனியோ டானிஸ்கோ ஒன்றுதான். எந்த விலைக்கு எவ்வளவு விற்கத் தயார் என்று ஒரு விவசாயி சொன்னால், அவருடைய பொருளாதார நிலை அந்தக் கம்பெனிக்குத் தெரிந்துபோகும். அடுத்த ஒப்பந்தத்தில் அவரை நெருக்கலாம். 2008 ஜனவரியில் சுமார் 1,200 விவசாயிகள் தங்கள் விலைகளைத் துண்டாக்கி மூன்று தரப்புகளின் கணினிகளுக்கு அனுப்பினார்கள். ஒன்று கம்பெனியுடையது, இன்னொன்று விவசாயிகள் சங்கத்துடையது, மூன்றாவது ஆராய்ச்சித் திட்டத்துடையது. அரை மணி நேரக் கணக்கில் சந்தை விலை வந்தது. 25,000 டன்னுக்கான உரிமை கைமாறியது. எந்த விவசாயியின் விலையையும் யாரும் பார்க்கவில்லை. தனியுரிமை என்றால் பணக்காரர் கவலை, பட்டணத்துக் கவலை என்று நினைப்பவர்கள் இந்த ஏலத்தைப் பற்றி அவசியம் படிக்க வேண்டும். பேரம் பேசும் இடத்தில் பலவீனமானவருக்குத்தான் ரகசியம் அதிகம் தேவைப்படுகிறது.

‘எனக்கு 18 வயது ஆகிவிட்டது’ என்பதைப் பிறந்த தேதியைச் சொல்லாமல் நிரூபிக்கவும் வழி இருக்கிறது. ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிகாலி, சார்ல்ஸ் ராக்காஃப் மூவரும் 1985-இல் வகுத்த ஜீரோ நாலெட்ஜ் நிரூபணம் அதற்கு அடித்தளம். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதை நிறைவேற்ற எல்லோருடைய அடையாள அட்டையையும் ஒவ்வொரு செயலியும் வாங்கிக் குவித்தால், பிள்ளைகளைக் காக்கவந்த சட்டமே புதிய திருட்டுக்கு வாசல் திறந்துவிடும். வயதுக்கான நிரூபணத்தை மட்டும் வாங்கும் வசதியை உருவாக்க இங்கே பொறியாளர்கள் உடனடியாகத் தேவை. அதுவரை ஆதார் எண்ணையாவது மறைக்கச் சாதாரண மக்கள் கையில் இருக்கும் ஓர் எளிய வழி, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுப்பது.

குவாண்டம் கணினிகளால் வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். போதிய பலத்தோடு அப்படி ஒரு கணினி வந்தால், ஆனந்தியும் பாஸ்கரும் போட்ட கணக்கு எத்தனை பெரிய எண்ணிலும் தாங்காது என்று பீட்டர் ஷோர் 1994-இல் காட்டினார். இன்று மறையாக்கத்தோடு போகும் செய்திகளைச் சேமித்துவைத்துப் பிற்காலத்தில் திறக்கலாம் என்பதால் ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. அதைத் தாங்கும் மூன்று புதிய தரநிலைகளை நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. சிக்னல் செயலி அதற்கு முந்தைய ஆண்டே இந்த வகைப் பாதுகாப்பைச் சேர்த்துவிட்டது. பழைய மறையாக்கக் கணக்குகள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடி மாற்றும் வேலை வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் எல்லாவற்றுக்கும் காத்திருக்கிறது. அந்த வேலைக்கு இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள்தான் வரப்போகிறார்கள்.

பொறியியல் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் குறியாக்கவியல் ஆய்வகத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ‘ஏஇஎஸ் நிரலை எழுதுக’ என்பதற்குப் பதிலாக, வேண்டுமென்றே பிழை வைத்த ஒரு நிரலைக் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். உடைத்தவர் எப்படி உடைத்தார் என்பதை வகுப்பின் முன்னால் நின்று தமிழில் விளக்கட்டும். பெயர் நீக்கிய பட்டியல் ஒன்றைக் கற்பனையாகத் தயாரித்துக் கொடுத்து, அதில் யார் யாரைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மடிக்கணினியும் ஒரு மதிய நேரமும் இருந்தால் போதும். செலவு எதுவும் இல்லை.